அறுவை சிகிச்சைக்கு முன்பே சமைத்து ஃப்ரீசரில் வைப்பது: எதை, எவ்வளவு, எப்படி?

கேள்வி: எனக்கு வயது 61. அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. வீட்டில் நானும் மகனும்தான். அவன் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவான். முன்பே சமைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு மாதத்துக்குச் சமைத்துவிடலாமா? எதை உறையவைக்கலாம், எதைக் கூடாது? அப்படி வைத்ததைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதே?

பதில்: நல்ல யோசனை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு வேண்டாம், ஒரே நாளிலும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் கேள்வியெல்லாம் சமைக்கும் நாளைச் சுற்றியே இருக்கிறது. திட்டத்தைச் சாப்பிடும் நாளிலிருந்து தொடங்குங்கள். அன்றைக்கு உங்கள் உடம்பால் என்ன முடியும் என்பதுதான் என்ன சமைப்பது, எந்த டப்பாவில் வைப்பது, எங்கே வைப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கும்.

வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒரு மதிய வேளையைக் கற்பனை செய்து பாருங்கள். வாக்கரைப் பிடித்துச் சமையலறை வரை போய்விடுவீர்கள். ஃப்ரீசர் கீழே இருந்தால் அங்கேயே முதல் சிக்கல்: முழங்காலை மடக்கிக் குனிய வலிக்கும், குனிந்தால் நிமிரப் பிடிமானம் வேண்டும். எப்படியோ எடுத்துச் சூடாக்கிவிட்டீர்கள் என்றே வையுங்கள். இப்போது கையில் சூடான கிண்ணம். இரண்டு கையும் வாக்கரில் இருக்க வேண்டும். கிண்ணத்தை யார் தூக்குவது? சாப்பாடு தயாராக இருந்தும் சாப்பிடாமல் விட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தோற்றிருக்கிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. முதலாவது, ஃப்ரீசரை நீங்கள் தொடவே வேண்டாம். மறுநாளைக்கு வேண்டியதை மகன் முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் உங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டில், முன்பக்கமாக வைத்துவிடட்டும். இரவு முழுக்க அது பத்திரமாக இளகும், நீங்களும் குனிய வேண்டியதில்லை. இரண்டாவது, மைக்ரோவேவ் அல்லது அடுப்புக்கு அருகிலேயே கைப்பிடியுள்ள, வழுக்காத, கொஞ்சம் உயரமான நாற்காலி ஒன்றைப் போட்டு அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். படுக்கைக்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமென்றால் திருகு மூடி போட்ட ஃப்ளாஸ்கில் ஊற்றி, தோளில் குறுக்காக மாட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கிண்ணத்தோடு ஓர் அடிகூட நடக்கக் கூடாது.

சரி, எவ்வளவு சமைப்பது? உங்களுக்கு நான் சொல்வது 14 மதிய உணவு, அதோடு 8 முதல் 10 சின்னப் பொட்டலங்கள். முதல் சில நாள் பசியே இருக்காது. மயக்க மருந்து, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து குமட்டலாம், வழக்கமாகப் பிடிக்கிற வாசனைகூடப் பிடிக்காமல் போகலாம். ஒரு மாதச் சாப்பாட்டை ஒரே சுவையில் நிரப்பி வைத்துவிட்டு அது பிடிக்காமல் போனால் என்ன செய்வது? இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலானவர்களால் கொஞ்ச நேரம் நின்றோ உட்கார்ந்தோ எளிதாக எதையாவது சமைத்துக்கொள்ள முடிகிறது. சின்னப் பொட்டலம் எதற்கென்றால், சில வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடக் கூடாது. மாத்திரை நேரத்தில் பசி இருக்காது, ஆனால் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். அரை கப் சூப், ஒரு துண்டு ரொட்டி போதும். அந்த அளவிலேயே உறையவைத்தால் மீதி ஆகாது.

ஒரே நாளில் சமைக்க வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். ஏற்கெனவே வலிக்கும் காலோடு நாள் முழுக்க நிற்பது முதல் காரணம். மற்றது ஃப்ரீசரின் சக்தி. சுமார் 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் ஒரு கிலோ புது உணவுதான் அதனால் ஒழுங்காக உறையவைக்க முடியும். அதற்கு மேல் திணித்தால் எல்லாமே மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் உள்ளே பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து உணவின் இழைகளைக் கிழித்துவிடும், இளகும்போது தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகும். அதனால் இப்போதிலிருந்தே, வீட்டுக்குச் சமைக்கும்போது வாரத்துக்கு மூன்று நாள் இரண்டு பங்கு கூடுதலாகச் சமைத்து எடுத்து வையுங்கள். சேர்வதே தெரியாமல் சேர்ந்துவிடும்.

கடைசி வாரத்தில் கத்தி, அடுப்பு வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை நடக்கவிருக்கும் காலில் சூட்டுக் கொப்புளமோ வெட்டுக் காயமோ இருந்தால், தொற்று பயத்தால் தேதியையே தள்ளிப்போட வாய்ப்புண்டு.

இனி பாதுகாப்பு. இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. உள்ளே போகும்போது எத்தனை கிருமி இருந்ததோ கிட்டத்தட்ட அத்தனையும் இளகும்போது விழித்துக்கொள்ளும். அதனால் ஃப்ரீசருக்குள் போகும் முன் நடப்பதுதான் முக்கியம். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த இடைவெளியில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அறையே 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். பெரிய பாத்திரம் நிறையச் சூப்பை மூடி அடுப்பு மேடையிலேயே ஆறட்டும் என்று விட்டால், மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

அடுப்பை அணைத்ததும் அகலமான, ஆழம் குறைந்த தட்டுகளில் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அவசரமென்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் இறக்கி அடிக்கடி கிளறுங்கள். ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்ததும் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க நேராக ஃப்ரீசரில் வைத்தால் பக்கத்திலிருப்பது இளகிவிடும்.

சோற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே வடித்த சோற்றை உடனே பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர வைத்து உறையவையுங்கள். இளகிய பிறகு 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வாந்தி, பேதி யாருக்கும் கஷ்டம்தான். வாக்கரோடு கழிப்பறைக்கு விரைய வேண்டியவருக்கு அது விழுந்து அடிபடும் ஆபத்து. மாத்திரையும் வயிற்றில் தங்காது.

எதைச் சமைப்பது என்பது இதைவிட எளிது. பருப்பு, பயறு வகைகள், கெட்டியான காய்கறிச் சூப், எலும்பு நீக்கிப் பிய்த்த கோழிக்கறி, குழைய வெந்த இறைச்சி, தக்காளி சேர்த்த மசியல்கள், சோறு, ரொட்டி எல்லாம் நன்றாகத் தாங்கும். வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டு மணல் மணலாகிவிடும், வேண்டுமானால் வெண்ணெய் சேர்த்து மசித்து வையுங்கள். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர் போல ஆகிவிடும். வெள்ளரி, கீரைச் சாலட் போன்ற பச்சைக் காய்கள் துவண்டுவிடும். தயிர், பால், சோளமாவு சேர்த்துக் கெட்டியாக்கியவை திரிந்து நீர் விடும், அவற்றைச் சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். மொறுமொறுப்பான எதுவும் மொறுமொறுப்பாகத் திரும்பி வராது. மிளகு, கிராம்பு, பூண்டு போன்றவை உறைந்த பிறகு தூக்கலாகத் தெரியும், உப்பு மங்கும். ஆகவே காரத்தையும் மசாலாவையும் வழக்கத்தைவிடக் குறையுங்கள். குமட்டல் இருக்கும் நாளில் அதுவே உதவும்.

புரதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சூப்பும் சோறும் இறங்குவது எளிது என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். காயம் ஆறவும் தொடைத் தசை வலுவை மீட்கவும் உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவைப்படும். எடை 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 27 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் கிடைக்கும். வெறும் காய்கறிச் சூப்பை ஃப்ரீசர் நிறைய அடுக்கி வைத்தால் வயிறு நிறையும், இந்தக் கணக்கு நிறையாது. சூப்பிலேயே பருப்பை மசித்துச் சேர்த்துவிடுங்கள். மகன் வாரத்துக்கு ஒரு தடவை முட்டைகளை அவித்து ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைக்கட்டும், ஒரு வாரம் வரை தாங்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே கூட்டுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். வலுவான வலி மாத்திரைகளாலும் நடமாட்டம் குறைவதாலும் மலச்சிக்கல் வருவது சகஜம். பயறு, பருப்பு, காய்கறி நிறைந்த பொட்டலங்கள் அதற்காகவும்தான். தண்ணீரும் கூடவே போக வேண்டும்.

பொட்டலம் கட்டும் விதத்தில் கொஞ்சம் மெனக்கெட்டால் பின்னால் நிறைய மிச்சம். ஒரு ஆள், ஒரு வேளை, 250 கிராம், அவ்வளவுதான். ஜிப் பையில் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, தட்டில் படுக்கப்போட்டு இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் உறையவையுங்கள். உறைந்ததும் அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல நிறுத்தி வைக்கலாம். ஒரே இரவில் இளகிவிடும். டப்பா என்றால் மேலே இரண்டு சென்டிமீட்டர் காலியாக விடுங்கள், தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கண்ணாடி வேண்டாம், கனமும் அதிகம், விரிசல் விடும் அபாயமும் உண்டு. மூடி இறுக்கமாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொன்றிலும் அழியாத மார்க்கரில் பெயர், தேதி, சூடாக்கும் முறை மூன்றையும் எழுதுங்கள். "பருப்புச் சூப், அரை கப் தண்ணீர் சேர், 3 நிமிடம், கிளறு, மறுபடி 2 நிமிடம்" என்கிற அளவுக்கு இருக்கட்டும். மருந்து மயக்கத்தில் இருக்கும் உங்களுக்கும் சரி, உதவிக்கு வந்து நிற்கும் யாருக்கும் சரி, யோசிக்க வேலை இருக்காது. உறைந்தபின் எல்லாம் ஒரே நிறக் கட்டியாகத்தான் தெரியும்.

சூடாக்கும்போது பையை அப்படியே மைக்ரோவேவில் வைக்காமல் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்காது, ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று இருக்கும். பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் முழுக்க ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். சூடாக்கியதில் மீதமானதைத் திரும்ப ஃப்ரீசரில் போட வேண்டாம். வெளியில் மேசைமேல் வைத்து இளகவிடவும் வேண்டாம்.

எத்தனை நாள் இருக்கும் என்றால், மைனஸ் 18 டிகிரியில் தொடர்ந்து உறைந்திருக்கும் வரை கெடாது, சுவைதான் குறையும். சூப், பருப்பு, இறைச்சி எல்லாம் 2, 3 மாதம் வரை நன்றாகவே இருக்கும். ஃப்ரிட்ஜில் இளகிய பிறகு, சோறு தவிர மற்றவற்றை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஓரத்தில் வெளுத்துக் காய்ந்த திட்டு தெரிந்தால் அது ஈரம் ஆவியான தடம்தான், அந்த இடத்தைத் தள்ளிவிட்டுச் சாப்பிடலாம். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். பொட்டலத்துக்குள் பனிக்கட்டி இன்னும் தென்பட்டால் பயன்படுத்தலாம். முழுக்க இளகி எவ்வளவு நேரமானது என்று தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன உணவுப் பட்டியல் மூட்டு அறுவை சிகிச்சைக்கு ஏற்றது. குடல் அறுவை சிகிச்சை என்றால் ஆரம்ப வாரங்களில் நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அங்கே பயறும் முழுத் தானியமும் உதவாது. பித்தப்பையை எடுத்தவர்களுக்குக் கொழுப்பு குறைவாக வேண்டும். தொண்டை, தாடை என்றால் எல்லாமே அரைத்துக் கூழாக. வயிற்றில் அறுவை செய்தவர்கள் கனம் தூக்கக் கூடாது, அவர்களுக்குச் சூப் நிறைந்த பெரிய பாத்திரம்கூடக் கனம்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. சமைக்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் உணவுக் கட்டுப்பாட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை ஒன்று நடத்திப் பாருங்கள். மகன் முந்தைய இரவே ஒரு பொட்டலத்தை ஃப்ரிட்ஜுக்கு மாற்றட்டும். மறுநாள் மதியம் வாக்கரோடு போய், அதை எடுத்து, உட்கார்ந்தபடியே பிரித்து, சூடாக்கி, அங்கேயே சாப்பிட்டு, கிண்ணத்தைத் தொட்டியில் போடும் வரை செய்யுங்கள். எந்த மூடி திறக்கவில்லை, எந்தத் தட்டு எட்டவில்லை, கத்தரிக்கோல் எங்கே, ஸ்பூன் எந்த இழுப்பறையில் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். திருத்துவதற்கு இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும்.