விடுதிப் படிவத்தில் கையெழுத்து வைக்கமுன்

அன்புள்ள தங்கச்சி,

வியாழக்கிழமை நீங்கள் பிரதேச செயலகத்துக்கு வந்த நேரம் என் மேசைக்கு முன்னால் விண்ணப்பம் நிரப்ப வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உங்களோடு ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. நீங்களோ பையிலிருந்து விடுதிப் படிவத்தை எடுத்து விரித்து, "இதில கையெழுத்து வைக்கட்டா, வேணாமா, அத மட்டும் சொல்லுங்க அக்கா" என்று கேட்டீர்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது வாசியுங்கள்.

நீங்கள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று முதலில் பாருங்கள். கருவப்பங்கேணியில் வாடகை வீடு. கணவருக்கு மேசன் வேலை, மாரி தொடங்கினால் அதுவும் இல்லை. நீங்கள் டவுனில் ஒரு கடையில் நிற்கிறீர்கள், வீடு போய்ச் சேர இரவு ஏழரை. மூத்தவன் ஆறாம் ஆண்டு. போன தவணை கணக்குக்கு 28 புள்ளி. பள்ளி விட்டு வந்தால் அவனைப் பார்க்க ஆளில்லை. நடுவிலாள் மூன்றாம் ஆண்டு, கடைக்குட்டி அடுத்த வருடம்தான் முதலாம் ஆண்டு. நீர்கொழும்புப் பக்கம் ஒரு சமய நிறுவனம் நடத்தும் விடுதியில் சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் இலவசம் என்று யாரோ படிவம் தந்திருக்கிறார்கள். அதைவிட, டவுனிலுள்ள பழைய மிஷன் பள்ளி ஒன்றில் "ஃபாதரைப் பிடிச்சாவது" மகனைச் சேர்க்க முடியுமா என்றும் ஒரு ஆசை. நீங்கள் கத்தோலிக்கம், கணவர் சைவம். பிள்ளையை மதம் மாற்றப் போகிறார்கள் என்று மாமி ஒரு பக்கம் ஏசுகிறார்.

மிஷன் பள்ளிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். மட்டக்களப்பில் இந்தப் பள்ளிகளுக்கு இருக்கிற மதிப்பு சும்மா வந்ததில்லை. 1814ல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் இங்கே வந்திறங்கித் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த வருடமே அவர் இறந்துபோனார், பள்ளி நின்றுவிடவில்லை. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி தொடங்கியது 1873ல். கல்லடி உப்போடையில் சிவானந்தா, சுவாமி விபுலாநந்தர் எழுப்பியது. உங்கள் அப்பா காலத்து ஆட்கள் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது குரலே மாறும், நானும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் 1960, 61ஆம் ஆண்டுகளில் சட்டம் கொண்டுவந்து, சமய நிறுவனங்கள் அரச உதவியோடு நடத்திய பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. சில பள்ளிகள் கொஞ்சக்காலம் தனியாக நின்று பார்த்துவிட்டுப் பிறகு அரசிடம் போயின. நான் சொன்ன மூன்றும் இன்று அரச பாடசாலைகள். பெயரும் பிரார்த்தனை மண்டபமும் பழைய பழக்கங்களும் இருக்கலாம். ஆசிரியரை அனுப்புவதும் பாடத்தைத் தீர்மானிப்பதும் இடம் கொடுப்பதும் அரசின் விதிப்படிதான். ஆறாம் ஆண்டுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிதான். இடையில் மற்ற வகுப்புகளுக்கு இடம் காலியாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஃபாதரைப் பிடித்துப் பயனில்லை, தங்கச்சி. அதிபருக்கும் ஃபாதருக்கும் நடுவில் நின்று உங்கள் காலணிதான் தேயும்.

இதில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பள்ளி பார்க்க வேண்டிய பிள்ளை மூத்தவன் இல்லை, கடைக்குட்டி. முதலாம் ஆண்டு அனுமதிக்கு வசிப்பிடத்துக்கு நிறையப் புள்ளி. அதை வாக்காளர் பட்டியலையும் வீட்டுப் பத்திரங்களையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். வாடகை வீட்டில் இருக்கிற குடும்பங்கள் தோற்றுப்போகிற இடம் இதுதான். வீட்டுக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, உங்கள் பெயர் எந்த விலாசத்தில் பதிந்திருக்கிறது என்று இந்த வாரமே கிராம சேவகரிடம் போய்ப் பாருங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பிறகு ஓடினால் காலம் போய்விடும்.

மாமியின் பயத்துக்கு வருகிறேன். அவரைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அரச பாடசாலையில் பிள்ளை தன் சமயத்தைத்தான் பாடமாகப் படிக்கும். கத்தோலிக்கப் பெயருள்ள பள்ளியில் சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, இந்துக் கல்லூரியில் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவம். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள், சில பள்ளிகளில் இருக்கமாட்டார். மாமிக்கு இன்னும் மனம் ஆறாவிட்டால் காரைதீவில் 1892ல் பிறந்த மயில்வாகனம் என்ற பொடியனைப் பற்றிச் சொல்லுங்கள். கல்முனையில் மெதடிஸ்த பள்ளி, மட்டக்களப்பில் புனித மிக்கேல். இரண்டு சபைக்காரரிடமும் படித்துவிட்டுக் கடைசியில் காவி உடுத்தி விபுலாநந்தரானார். எந்தப் பள்ளியில் இருந்தோம் என்பதைவிட வீட்டில் எந்த விளக்கு எரிந்தது என்பதுதான் பிள்ளைக்கு ஒட்டும். உங்கள் வீட்டில் இரண்டு விளக்கு எரிகிறது. அது பிள்ளைக்குக் குழப்பமில்லை, பெரியவர்கள் குழம்பாமல் இருந்தால்.

இப்போது உண்மையான விஷயம். நீங்கள் பேசியதில் எனக்கு உறைத்தது 28 புள்ளி இல்லை. "பள்ளி விட்டால் பார்க்க ஆளில்லை" என்று சொன்னீர்களே, அதுதான். ஒன்றரை மணிக்குப் பள்ளி விடுகிறது, ஏழரைக்கு நீங்கள் வருகிறீர்கள். நடுவே ஆறு மணித்தியாலம். வசதியான வீட்டில் அந்த ஆறு மணித்தியாலத்தைக் காசு கொடுத்து நிரப்புகிறார்கள்: தனியார் வகுப்பு, வான், அம்மம்மா, மேசை லைட். உங்கள் மகனுக்கு அது வெறுமையாகக் கிடக்கிறது. படிவம் தந்தவர்கள் உங்களுக்குக் காட்டியது பள்ளியை இல்லை, அந்த ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு ஆளை. நீங்கள் மயங்கியதும் அதில்தான். பிழை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஆறு மணித்தியாலத்துக்காக 300 கிலோமீற்றருக்கு அப்பால் பிள்ளையை அனுப்ப வேண்டுமா? இந்த ஊரில் சமய நிறுவனங்கள் ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய உதவி இன்றைக்குப் பள்ளி இல்லை, பின்நேரம்தான். கோவில் மடத்தில், தேவாலய மண்டபத்தில், சிஸ்டர்மார் மடத்து விறாந்தையில் நடக்கும் மாலை வகுப்புகள் பலதுக்கு விளம்பரம் கிடையாது, வாய்வழியாகத்தான் தெரியவரும். உங்கள் பங்குத் தந்தையிடமும் கணவரின் கோவில் பரிபாலன சபையிடமும் இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்: "நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை பிள்ளை இருந்து படிக்க இடம் இருக்கா? கணக்குச் சொல்லிக் கொடுக்க உயர்தர வகுப்பில் (A/L) படிக்கிற ஒரு பிள்ளை இருக்கா?" காசு கேட்காமல் நேரம் கேட்டுப் போகிற பெற்றோருக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் கஷ்டம்.

ஞாயிறு வகுப்பும் அப்படித்தான். அறநெறிப் பாடசாலையோ மறைக்கல்வியோ, கணவரும் நீங்களும் பேசி ஒன்றுக்கு ஒழுங்காக அனுப்புங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மட்டக்களப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை அனுப்புவது சில அம்மாமாருக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிற காரியம். சீயோன் தேவாலயத்தில் அன்று இறந்துபோனவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். உங்களுக்கும் அந்தப் பயம் இருந்தால் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் வகுப்பால் ஒரு கணக்கு லாபமும் உண்டு. சாதாரண தரப் பரீட்சையில் (O/L) ஒன்பது பாடம், சமயம் கட்டாயம். உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தியாவது (C) வேண்டும். டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளைக்கு சமயம், தமிழ், வரலாறு மூன்றும் தானாக எடுக்கக்கூடிய திறமைச் சித்திகள். அப்புறம் மிச்ச பலத்தையெல்லாம் கணக்கில் போடலாம்.

அந்த வழியில் போன ஒரு பிள்ளையைத் தெரியும். மாமாங்கத்துப் பக்கம், தகப்பன் இல்லை, தாய் வெளிநாட்டில். சிஸ்டர் ஒருவர் மாலையில் பக்கத்தில் இருத்தி எழுதவைத்தார், அவ்வளவுதான். பிள்ளை சைவம், கடைசிவரை சைவம்தான். உயர்தரத்தில் இந்து நாகரிகம் எடுத்து, தாளங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்து, இன்று ஆசிரியை. ஞாயிறு வகுப்பில் கற்றது வேலைக்கே வழியாகும் என்பதற்காக இதைச் சொன்னேன். மகன் அதே வழியில் போக வேண்டும் என்று இல்லை.

உங்களோடு வேலை செய்யும் காத்தான்குடி ராத்தாவும் மகனைக் குர்ஆன் மனனத்துக்கு விடலாமா என்று கேட்டதாகச் சொன்னீர்கள். அவருக்கும் இதையே சொல்லுங்கள்: விடலாம், ஆனால் அந்த மத்ரஸாவில் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதுகிறார்களா, கணக்கும் ஆங்கிலமும் எந்த நேரம் நடக்கிறது என்று கேட்டுவிட்டு விடச் சொல்லுங்கள். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். ஏழாம், எட்டாம் ஆண்டுக் கணக்கு விட்டுப்போனால் பிறகு பிடிப்பது கஷ்டம். மௌலவியாகிச் சாதாரண தரமும் உயர்தரமும் கையில் உள்ள பிள்ளைக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது.

சரி, இவ்வளவு சொல்லியும் வீட்டு நிலைமை விடுதிதான் என்று தள்ளினால்? தள்ளும், எனக்குத் தெரியும். மாரியில் மூன்று மாதம் அடுப்பு எரியாத வீட்டில் நான் இங்கே இருந்து புத்தி சொல்வது இலேசு. அப்படியென்றால் முதலில் மட்டக்களப்புக்குள்ளேயே பாருங்கள். இராமகிருஷ்ண மிஷன் முதல் தேவாலயங்கள் வரை இங்கேயே பிள்ளைகள் இல்லங்கள் இருக்கின்றன. மாதத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய தூரம் என்றால் பாதிப் பயம் போய்விடும். எந்த இல்லமானாலும் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "நம்பிக்கை இல்லையா அம்மா?" என்று கேட்பவரிடம் பிள்ளையை விடவேண்டாம். நல்ல சிஸ்டர், நல்ல சுவாமி, நீங்கள் கேட்கமுன் தாங்களே எடுத்து நீட்டுவார்கள்.

பிள்ளை எந்தப் பாடசாலையில் பதிவாகும், தவணை அறிக்கை யார் கைக்கு வரும், நினைத்த நேரம் தொலைபேசியில் கதைக்கலாமா, லீவுக்கு வீட்டுக்கு விடுவார்களா, எந்தச் சமயப் பாடம் படிப்பான் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் படிவத்தில் "பெற்றோரின் உரிமைகள் அனைத்தும்" என்று தொடங்கும் ஒரு வரி இருந்தது, அவசரத்தில் முழுக்க வாசிக்க முடியவில்லை. அந்த வரியை எனக்குப் பிடிக்கவில்லை. அதை வெட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். சில வருடத்துக்கு முன்னால் இப்படித் தூரத்து விடுதி ஒன்றுக்குப் போன பொடியன் இரண்டு வருடத்தில் திரும்பி வந்தான்; விடுகைப் பத்திரம் இல்லை. அவன் எந்தப் பள்ளியிலும் பதிவே ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவனை ஒரு வகுப்புக் குறைத்துச் சேர்க்கவே ஏழு மாதம் அலைந்தோம். பிள்ளைக்கு எங்கே என்ன நடந்தாலும் சொல்ல 1929 என்ற இலக்கம் இருக்கிறது, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது. மகனுக்குப் பாடமாக்கிக் கொடுங்கள், விடுதிக்குப் போகாவிட்டாலும்.

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில், பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்று பார்த்துத்தான். மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற தனி ஒதுக்கீட்டிலும் வருகின்றன. உயர்தரக் காலத்தில் வெளிமாவட்டத்தில் இருந்தால் அதை இழக்கலாம். ஆறாம் ஆண்டில் இது தூரத்துக் கதைதான், ஆனால் விடுதிக்குப் போன பிள்ளை பாதியில் திரும்புவது குறைவு.

கையெழுத்தா, வேண்டாமா என்றால், இந்த விடுதிக்கு இந்த வருடம் வேண்டாம். இரண்டு தவணை பின்நேர வகுப்பைப் பார்ப்போம். 28 புள்ளி 40 ஆகாவிட்டால், உள்ளூர் இல்லங்களுக்கு நானே உங்களோடு வருகிறேன். புதன்கிழமை பின்நேரம் அரை நாள் லீவு கேட்டு வாருங்கள். தவணை அறிக்கைகள், பிறப்புச் சான்றிதழ், அந்தப் படிவம் மூன்றையும் கொண்டுவாருங்கள்.

மகனையும் கூட்டிவாருங்கள். வியாழக்கிழமை நாம் கதைத்த நேரம் முழுக்க அவன் வெளியே மின்விசிறி திருத்த வந்தவரின் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டபடி நின்றான். நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. விடுதிக்குப் போக அவனுக்கு விருப்பமா என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்டதாகச் சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா