டிரெய்லர் இழுக்கும்போது ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் ஓவர்டிரைவை அணைத்து ஓட்டலாமா?

ஏற்றத்தில் டிரெய்லரோடு போனால் கியர் 4-க்கும் 5-க்கும் மாறி மாறி விழுகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா, ஓவர்டிரைவை, அதாவது டீசலை மிச்சப்படுத்தும் மேல் கியர்களை, அணைத்து ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அணைத்துவிட்டு ஓட்டுங்கள். வண்டி வாங்கி அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். "ஆட்டோமேட்டிக்கை வாங்கிட்டு மலையேறப் போறாராம்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்ல ஆரம்பித்திருப்பார்கள். அந்தப் பேச்சை நிறையக் கேட்டவன் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.8 லிட்டர் டீசல், 6 கியர் ஆட்டோமேட்டிக். ஏற்காட்டில் வாழவந்தி பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. உரமும் பைப்பும் மோட்டாரும் சேலத்திலிருந்து மேலே போகும், பறிப்பு முடிந்தால் காப்பி மூட்டையும் மிளகும் கீழே வரும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருக்கிறது, எடையும் அனுமதித்த அளவுக்குள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பதிலுக்குக் கீழே முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கியர் பெட்டியில் 4-வது கியர் நேர் கியர், இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டும் ஒரு சுற்று சுற்றும். 5-வதின் விகிதம் 0.687, 6-வது 0.580. இந்த இரண்டும்தான் ஓவர்டிரைவ். தண்டு இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும், அதனால் டீசல் மிச்சமாகும். ஆனால் இழுவை அதே அளவுக்குக் குறைந்துவிடும். 5-ல் நிமிடத்துக்கு 1,100 சுற்று (ஆர்பிஎம்) ஓடும் இன்ஜின், அதே வேகத்தில் 4-க்கு இறங்கினால் 1,600-க்குப் போகும். என் இன்ஜினின் முழு இழுவையான 500 நியூட்டன் மீட்டர் கிடைப்பதே 1,600-லிருந்து 2,800 வரைதான். அப்படியென்றால் பாரத்தோடு ஏற்றத்தில் 5-ல் போகும்போது இன்ஜின் தன் பலம் தொடங்கும் இடத்துக்கே வரவில்லை.

தொப்பூர் கணவாயில் இதைக் கண்ணால் பார்த்தேன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷின் பழுதாகியிருந்தது, அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தர்மபுரி பக்கம் ஏறிக்கொண்டிருந்தேன். வேகம் குறைந்ததும் பெட்டி 4-க்கு இறங்கியது. இழுவை கூடி வேகம் ஏறியதும், இனி பாரம் இல்லை என்று நினைத்து 5-க்குப் போனது. மறுபடி திணறி 4. பெட்டிக்குத் தெரிவது ஆக்சிலேட்டர், வேகம், இன்ஜின் பாரம் இவ்வளவுதான். முன்னால் இன்னும் எவ்வளவு ஏற்றம் இருக்கிறது என்பது ஓட்டுகிற நமக்குத்தான் தெரியும். லீவரை, கியரை நாமே கட்டுப்படுத்தும் எஸ் பக்கம் தள்ளி 4-ல் வைத்தேன். அதற்கு மேல் போகாதே என்று அர்த்தம். அந்த நிமிடமே வண்டி ஒரே சீராக ஏற ஆரம்பித்தது.

மாறி மாறி விழுவதில் சத்தத்தைவிடச் சூடுதான் கெடுதல். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர், அதில் இரண்டையும் நேராகப் பூட்டுவது லாக்-அப் கிளட்ச். கியர் இப்படி மாறும்போது பெரும்பாலும் அந்தக் கிளட்ச் விடுபடுகிறது. விடுபட்டால் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆயில் மட்டும்தான். அங்கே நடக்கும் வழுக்கல் முழுக்கச் சூடாகி ஆயிலில் இறங்குகிறது. பழைய 4 கியர் ஆட்டோமேட்டிக்குகளில் லீவரிலேயே ஓ/டி (ஓவர்டிரைவ்) பட்டன் இருக்கும். இப்போது அந்த வேலையை எஸ் அல்லது மேனுவல் மோடு செய்கிறது. சில வண்டிகளில் 4 என்றால் "4 வரை", சிலவற்றில் "4 மட்டும்". உங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமவெளியில், ஓமலூர் ரோடு மாதிரி இடத்தில், பாரம் குறைவாக இருந்து கியர் அலையாமல் நின்றால் பெட்டியே கியர் மாற்றிக்கொள்ளும் டி-யிலேயே விடலாம். எந்நேரமும் அணைத்தே ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஓவர்டிரைவ் பேச்சே வராது, அங்கே 2-ம் 3-ம்தான். இறக்கம்தான் விஷயம். டி-யில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்டி மேல் கியருக்குப் போகப் பார்க்கும். டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி காற்றை அடைத்து இழுத்துப் பிடிக்கும் வேலை குறைவு. ஆர்பிஎம் ஏறினால்தான் பிடிமானம். ஓவர்டிரைவில் அது கிட்டத்தட்ட இல்லை. பாரம் முழுவதும் பிரேக்கில் விழும்.

என் மாமனார் பல வருடம் லாரி ஓட்டியவர். முதல் காப்பி லோடு இறக்கும்போது கூட வந்தார். "மாப்பிள்ளை, ஆட்டோமேட்டிக்குக்கு இறக்கத்துல பிடிமானம் கிடையாது, பாத்துக்குங்க" என்றார். ஒண்டிக்கடை தாண்டியதும் எஸ்-ல் 3, வளைவுகள் தொடங்குமுன் 2. மூட்டைகள் பின்னாலிருந்து தள்ளுவது நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் 2-வது கியர் பிடித்துக்கொண்டே வந்தது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தி விட்டேன். அடிவாரத்தில் இறங்கி பிரேக் சூடாகியிருக்கிறதா என்று சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "அடுத்த லோடுக்கும் நானே வரேன்" என்றார். அனுபவசாலி வாயால் அதைக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம். மேனுவல்தான் மலைக்கு நல்லது என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆட்டோமேட்டிக்கில் முடியாது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சனி, ஞாயிறு மேலிருந்து இறங்கும் கார்க்காரர்கள் ஏறுகிற வண்டிக்கு வழி விடுவதே இல்லை. ரோடு அகலம் போதாத மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இது இருக்கிறது. டிரெய்லரோடு கொண்டை ஊசியில் பாதி திரும்பியவனை நிறுத்தி, பின்னால் போ என்று ஹாரன் அடிக்கிறார்கள். டிரெய்லரை அந்த வளைவில் பின்னால் எடுப்பது எப்படிப்பட்ட ஆபத்து என்று யாரும் யோசிப்பதில்லை. கேட்டால் நம்மையே முறைக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் மனம் கொதிக்கிறது.

கடைசியாக ஆயில். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று எனக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு சேராது. கையேட்டில் கடின உபயோகம் என்று தனி அட்டவணை இருக்கும், அதைக் காட்டிக் கேளுங்கள். நான் காட்டிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள்.