மன்னார் வளைகுடாவுக்கு எப்போது போகலாம்?

கேள்வி: முழுப்பரீட்சை முடிந்ததும் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினப் பூங்காவைப் பார்த்துவர விரும்புகிறோம். மே மாதம் ஏற்றதா? தீவுகளில் இறங்க விடுவார்களா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். 1986-இல் அறிவிக்கப்பட்ட இந்தத் தேசியப் பூங்கா, பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலையும் கொண்டது. அங்கே காண வேண்டியவை பெரும்பாலும் நீருக்கடியில்தான் இருக்கின்றன என்பதால், பயணத்தின் மாதத்தைக் காற்றைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இராமேசுவரம் பகுதி மீனவர்கள் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மே மாதவாக்கில் எழும்பிவிட்டால் தென்கடல் கொந்தளித்து அடிமணல் கலங்கிவிடும். அடியில் கண்ணாடி பதித்த படகில் குனிந்து பார்த்தாலும் அரிசி கழுவிய நீரைத்தான் காண்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது வடகடலுக்கு அதே கதி. தை பிறந்து பங்குனி முடியும்வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகவே பொங்கல் விடுமுறையே பிள்ளைகளுக்கு உகந்தது. காற்று ஏறுவதற்கு முன், காலையிலேயே படகேறிவிடுவது நல்லது.

நினைத்த தீவில் இறங்க முடியாது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கு, அவர்கள் ஏற்பாடு செய்யும் படகில் மட்டுமே போகலாம். பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் அழைத்துச் செல்கிறார்கள். வானிலையைப் பார்த்து நிறுத்திவிடுவதும் உண்டு என்பதால், கிளம்புமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே போனால் ஆவுளியாவைப் பார்க்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பார்க்கலாம் என்று ஆசை காட்ட எனக்கு மனமில்லை. கடற்பசு எனப்படும் ஆவுளியா கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. மூச்சுவிடுவதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீருக்கு மேலே நீட்டிவிட்டு மறைந்துவிடும். படகின் இரைச்சல் கேட்டாலே விலகிப் போகும். அதன் பாதுகாப்புக்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-இல் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவை எதிர்பார்ப்பதற்குப் பதிலாக, உங்கள் ஊரிலிருந்து தொண்டி வழியாகக் காரங்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழையும்போது, மூச்சு வேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு விரல் விரலாக நிமிர்ந்து நிற்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். வடகடல் ஊர் என்பதால் வாடைக்காலத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கரையில் ஒதுங்கிய பவளத்துண்டுகளைக் கொலுவுக்கு எடுத்து வரலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கூடாது. ஒதுங்கிக் கிடந்தாலும், கடையில் விற்றாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சுண்ணாம்புக்காக ஆண்டுக்கணக்கில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால், அலையைத் தடுக்க அரணின்றி அந்த 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. கொலுவுக்குச் சோழி போதும்; அதையும் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள்.