மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு கிராமப் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போகிறேன், இரண்டு மாதத்தில் அடிப்படை மலாய் பேச வருமா?

தாராளமாக வரும். மலாயில் காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது; 'மாக்கான்' என்றால் சாப்பிடுவது, முன்னால் 'சுடா' சேர்த்தால் சாப்பிட்டாயிற்று, 'பெலும்' சேர்த்தால் இன்னும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். நமக்கு இன்னொரு வசதி, நாம், நாங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் 'கித்தா', 'காமி' என்று அப்படியே இருக்கிறது, அதோடு கெடாய், காப்பால், காத்தில் எல்லாம் நம்முடைய கடை, கப்பல், கட்டில்தான். அப்புறம் ஒன்று, வயதில் பெரியவர்களை 'அவாக்', அதாவது நீ, என்று சொல்லாதீர்கள், 'பாச்சிக்', 'மாச்சிக்' என்று கூப்பிடுங்கள், நாம் மாமா, அத்தை என்பது மாதிரி. புத்தகத்தைவிடச் சமையலறை நல்லது. காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றையும் காட்டி 'இனி ஆப்பா?', அதாவது இது என்ன என்று கேளுங்கள்.