பாட்டி வீட்டிலிருந்து வந்ததும் பழைய அடம்

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. கேட்டது கிடைக்காவிட்டால் பொருள்களை வீசுவான். எட்டு வாரம் பெற்றோர் பயிற்சிக்குப் போனேன், நன்றாகவே குறைந்தது. மே மாதம் முழுக்கப் பாட்டி வீட்டில் இருந்துவிட்டு வந்ததும் எல்லாம் பழையபடி. நானும் கத்தத் தொடங்கிவிட்டேன். கற்றதெல்லாம் வீணா?

பதில்: வீணாகவில்லை. ஊர்ப்பயணம், காய்ச்சல், வீட்டில் ஒரு புதுக் குழந்தை, எதிலும் இப்படி நடக்கும்.

கடையில் சாக்லெட் கேட்டு அழுகிறான். நான்கு முறை நீங்கள் அசையவில்லை. ஐந்தாம் முறை பில் போடும் இடத்தில் பின்னால் வரிசை நிற்கிறது, வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். அவன் மனத்தில் நிற்பது அந்த ஐந்தாம் முறைதான். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம் சீக்கிரம் போகாது என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்திலேயே காட்டினார். இன்னொன்றையும் பாருங்கள்: அழுகை நின்றதும் உங்களுக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அது அடுத்த முறையும் உங்களை இறங்கிவர வைக்கும். அமெரிக்காவின் ஒரெகனில் உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் விளக்கிய சுழல் இது. அதனால் பயிற்சி தொடர வேண்டியது அவனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்பத் தொடங்க வேண்டாம். முதலில் தினமும் ஐந்து நிமிட விளையாட்டு. உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை சிகிச்சையில் பெற்றோருக்கு இதுதான் வீட்டுப்பாடம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். "சிவப்பு லாரியில் மண் ஏத்துறியா, நிறைய ஏத்திட்டியே!" என்று அவன் செய்வதையே சொல்லுங்கள். கட்டளை, திருத்தம் எதுவும் வேண்டாம். அன்று அடம்பிடித்திருந்தாலும் இதை நிறுத்தாதீர்கள். பலரும் முதலில் கைவிடுவது இதைத்தான்.

அப்புறம், கடை என்ற ஒரே இடத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். வாசலிலேயே "இன்னிக்குப் பாலும் முட்டையும்தான்" என்று சொல்லிவிடுங்கள். அழாமல் வந்தால் அங்கேயே பாராட்டுங்கள். முதல் சில நாள் அழுகை கூடும். அப்போது கொடுத்துவிட்டால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

பாட்டியைக் குறை சொல்ல வேண்டாம். அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: "அழும்போது போன் வேண்டாம், அடங்கினதும் நீங்க கதை சொல்லுங்க." பேரன் தேடி வரும் வேலை அது, மகிழ்ச்சியாகவே செய்வார்கள்.

என்றாவது கத்திவிட்டால், அடங்கியதும் "அம்மா கத்தினது தப்பு" என்று சொல்லிவிட்டு மறுநாள் தொடருங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, பயிற்சி தந்தவரிடம் அடுத்த விடுமுறை முடியும் வாரத்துக்கு ஒரு சந்திப்பை இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள்.