ஆன்டிவைரஸ் வாங்குவதா, ஹார்டு டிஸ்க் வாங்குவதா?

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரத்தின் டேலி கணக்குகளும் குடும்பப் புகைப்படங்களும் விண்டோஸ் 10 கணினி ஒன்றில் உள்ளன. மூன்றாண்டுக்கான ஆன்டிவைரஸ் வாங்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். இதற்கிடையே, 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்ற அறிவிப்பும் திரையின் மூலையில் அடிக்கடி வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் அந்த எண்ணை அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. ஏதோ ஓர் இணையதளம் அறிவிப்புகள் அனுப்பலாமா என்று கேட்டபோது 'அனுமதி' என்பதை அழுத்தியிருப்பீர்கள். குரோம் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குச் சென்று அந்தத் தளத்தை நீக்கினால், பெரும்பாலும் தொல்லை நின்றுவிடும். யாரேனும் ஏற்கெனவே அழைத்து, அதனால் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

விண்டோஸுடனேயே டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் இலவசமாக வருகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. உங்களுக்குள்ள பெரிய ஆபத்து வேறு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு மேம்படுத்தல்கள் வருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மேம்படுத்தலை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே பெரிதும் சிக்கினார்கள். எனவே விண்டோஸ் 11-க்கு மாற உங்கள் கணினி இடம் தருகிறதா என்று பாருங்கள், அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லாத பழைய கணினி என்றால், கூடுதல் பாதுகாப்பு மேம்படுத்தல் திட்டத்தில் பதிவு செய்து சிறிது காலம் ஓட்டலாம், ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான். ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகச் சொல்லப்படும் திருட்டு விண்டோஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் செயல்படுத்தும் கோப்பே பல நேரங்களில் வைரஸைக் கொண்டுவரும்.

எந்த ஆன்டிவைரஸும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதால், கடைக்காரர் கேட்கும் பணத்தை வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றுக்குச் செலவிடுங்கள். முடிந்தால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், அந்நேரம் கணினியில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். ஆகவே நகலெடுத்தவுடன் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். டேலி பிரைமில் ஆல்ட் மற்றும் ஒய் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பேக்கப் வசதி கிடைக்கும். எடுத்த நகலை, நடப்புக் கணக்கு இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் வரை இருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. டிஸ்க்குக்கு பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள், ஆனால் பழுதானால் வாரண்டியில் பெரும்பாலும் புதிய டிஸ்க் மட்டுமே கிடைக்கும், உள்ளே இருந்த தரவு திரும்பாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆன்டிவைரஸ் வேண்டும் என்றால், எத்தனை கணினிகளுக்குச் செல்லும், உரிமக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்கும் என்று கேட்டு, சாவி எண் சுரண்டப்படாத பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்குவதாயின், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் முதலாண்டின் தள்ளுபடி விலையைவிட மிக அதிகமாக இருப்பது வழக்கம்.