மாதக் கடைசியில் நூடுல்ஸும் டீயும்தானா?

கேள்வி: வெளியே அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். எடை 60 கிலோ. கையில் இருப்பது 20 தேதிக்குள் கரைந்துவிடுகிறது, அப்புறம் நூடுல்ஸ், பிஸ்கட், டீ. மதியத்துக்கு மேல் வகுப்பில் கண் சொருகுகிறது. சமைக்க ஒரு ரைஸ் குக்கர் மட்டும் உண்டு. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு டப்பா பவுடருக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துக்கான பருப்பும் கடலையும் பெரும்பாலும் வந்துவிடும்.

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 0.8 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு, உங்களுக்கு 48 கிராம். 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 19 கிராம் கிடைக்கும், பருப்பு வகைகளில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரு முட்டைக்கு 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம் என்றால் 7. அரிசியை யாரும் புரதக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஆனால் நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்தால் அதிலிருந்தே 20 கிராம் வந்துவிடும். 100 கிராம் கடலை, 2 முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, சோறு: கூட்டிப் பாருங்கள், 58. முட்டை சாப்பிடாதவர் என்றாலும் 46 ஆகிறது, ஒரு டம்ளர் பாலோ தயிரோ சேர்த்தால் சரியாகிவிடும்.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கும். மொத்தப் பாக்கெட்டில் எவ்வளவு என்று பெருக்கி, விலையை அதால் வகுத்தால் ஒரு கிராம் புரதம் என்ன விலைக்கு விழுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று பொருளுக்கு இதைச் செய்து பார்த்தால் பிஸ்கட் எவ்வளவு விலை உயர்ந்த சாப்பாடு என்பது புரியும்.

பணம் வந்த அன்றே அரிசி 9 கிலோ, பருப்பும் கடலையுமாக 3 கிலோ, வேர்க்கடலை 1 கிலோ, எண்ணெய் எல்லாவற்றையும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். இவை கெடாது, 25 தேதியிலும் அறையில் இருக்கும். மிச்சத்தை நான்காகப் பிரித்து வாரா வாரம் முட்டை, கீரை, காய், பழம். அந்த வாரம் எது மலிவோ அதுவே போதும், சத்துக்கும் விலைக்கும் பெரிய சம்பந்தமில்லை.

கடலையை ராத்திரி படுக்கும் முன் ஊறப்போடுங்கள், இரண்டு மடங்குக்கு மேல் உப்பும், அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் தாராளமாக விட்டுக் குக்கரில் வேகவிடுங்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் மாவாக மசிய வேண்டும். சோறு வேகும்போது மேல் தட்டில் கழுவிய முட்டையை வைத்தால் ஆவியிலேயே வெந்துவிடும். ராஜ்மா வாங்கினால் மட்டும் கவனம்: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும், அரைவேக்காட்டில் வாந்தி எடுக்க வைத்துவிடும். மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் அந்த வேளைக்கு மட்டும் வடியுங்கள்.

நூடுல்ஸை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. மசாலாவில் பாதி போதும், ஒரு முட்டை உடைத்து ஊற்றி ஒரு பிடி காய் போடுங்கள். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், முழு மசாலாவையும் போட்டால் அதில் பெரும் பங்கு ஒரே கிண்ணத்தில் போய்விடும்.

டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கடலையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது, எலுமிச்சை பிழிந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் இப்படிச் சாப்பிட்டும் அந்தச் சோர்வு போகவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.